கழிவுப் பொருளும் நாட்டு வருமானமும்: தாராவி காட்டும் கணக்கு

மும்பை மாநகரில் நாள்தோறும் 6,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பை சேர்கிறது. அதில் பெரும்பகுதி மாநகராட்சியின் வண்டிகளில் ஏறி நகரின் எல்லையிலுள்ள குப்பை நிலங்களைச் சென்றடைகிறது. ஆனால் வண்டி வருமுன்னரே ஒரு பகுதி வேறு வழியில் பிரிந்துவிடுகிறது. மாதுங்காவில் வீட்டு வாயிலுக்கே வந்து பழைய செய்தித்தாளை எடைபோட்டு வாங்கும் ரத்திக்காரர், செம்பூரில் தெருவோரத் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குப்பிகளைப் பொறுக்கும் பெண், அலுவலகக் கட்டடங்களில் அட்டைப் பெட்டிகளைத் திரட்டி வைத்து விற்கும் துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் கைகளிலிருந்து தொடங்கும் இந்தச் சரக்கு, சிறு வியாபாரி, மொத்த வியாபாரி என இரண்டு மூன்று படிகள் கடந்து, பெருமளவில் தாராவியை வந்தடைகிறது. தமிழ்நாட்டில் காயலான் கடைச் சரக்கு என்று சொல்வதை மும்பையில் பங்கார் என்பர். அந்தப் பங்காரைப் பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கி மீண்டும் மூலப்பொருளாக்கும் பணி தாராவியின் மாஹிம் பக்கத்திலுள்ள பதின்மூன்றாம் காம்பவுண்டில் நடைபெறுகிறது.

பொருளை எடுத்து, உருவாக்கி, பயன்படுத்தி, எறிந்துவிடும் நேர்கோட்டு முறைக்கு மாறாக, பயன்படுத்திய பொருளை மீண்டும் உற்பத்தியில் செலுத்தும் முறைக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று பெயர். சீனா 2008ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் செயல் திட்டம் வகுத்தது. நம் நாட்டில் நிதி ஆயோக் 2021இல் வெவ்வேறு கழிவு வகைகளுக்கென 11 குழுக்களை அமைத்தது. பெயர் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. தஞ்சையில் பிறந்து பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராகப் பணிபுரிந்த ஜே.சி.குமரப்பா, சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த நூலில், நிலத்தடியில் குவிந்து கிடக்கும் கையிருப்பை எடுத்துச் செலவிடும் பொருளாதாரத்தையும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வரவைக் கொண்டு வாழும் பொருளாதாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். கையிருப்பைக் கரைப்பதை வருமானம் என்று எழுதலாகாது என்பது தணிக்கையாளர் எவரும் அறிந்த விதி. நாட்டுக் கணக்கிலும் அவ்விதியையே அவர் கேட்டார் எனலாம்.

சுழற்சிப் பொருளாதாரம் வளர்ச்சியையும் நிலைபேற்றையும் ஒருங்கே தரும் என்பது இன்று பரவலாகக் கூறப்படும் கருத்து. அது எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதை ஏட்டுக் கொள்கையைவிடத் தாராவியின் நடைமுறை தெளிவாகக் காட்டுகிறது.

கழிவில் தோன்றிய ஊர்

மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் இடையில், மீத்தி ஆற்றின் தெற்கே, ஏறத்தாழ இரண்டேகால் சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது தாராவி. முன்பு கோலி மீனவர் குப்பமாகவும் சதுப்பு நிலமாகவும் இருந்த இப்பகுதியில், நகரத்துக்குள் வேண்டாத தொழில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். தாராவியின் பழைய பள்ளிவாசலாகிய படீ மசூதி 1887ஆம் ஆண்டையும், கணேசர் கோயில் 1913ஆம் ஆண்டையும் சேர்ந்தவை.

தோல் தொழிலே ஒரு வகையில் கழிவை நம்பிய தொழில்தான். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடத்தின் துணைப்பொருளாகிய தோலைக் கொண்டே அது நடந்தது. 1970களின் தொடக்கத்தில் இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. மாசு காரணமாகப் பதனிடும் பணியும் பின்னர் தாராவியைவிட்டு வெளியேறியது. தைத்துப் பொருளாக்கும் பணி மட்டும் இங்கே நிலைத்தது. கும்பார்வாடாவின் சூளைகளுக்கும் நெடுங்காலமாக எரிபொருள் துணிக்கழிவும் பஞ்சுக்கழிவுமே. ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருள் என்ற ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டு இங்கே அமைக்கவில்லை. மலிவான இடமும், மலிவான உழைப்பும், இரண்டு ரயில் பாதைகளின் அண்மையும் அதை அமைத்தன. சூளைப் புகை அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் செல்வதும் அதே ஏற்பாட்டின் பகுதி என்பதை இங்கேயே குறித்துவைப்பது நன்று.

பிரிப்பவரின் கல்வி

பதின்மூன்றாம் காம்பவுண்டில் எந்திரங்களைக் காட்டிலும் முதன்மையானது பிரித்தெடுக்கும் பணி. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு எல்லாம் பிளாஸ்டிக்காகத் தோன்றும். ஆனால் வாளி, பால் உறை, தண்ணீர்க் குப்பி, தொலைக்காட்சிப் பெட்டியின் உறை, மின்கம்பியின் மேல்பூச்சு ஆகியவை வேதியியலில் வெவ்வேறு பொருள்கள். இவற்றின் உருகுநிலையும் வெவ்வேறு. தண்ணீர்க் குப்பிகளுக்கான பிளாஸ்டிக் 250 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கப்படுகிறது. அவ்வெப்பத்தில் பி.வி.சி. சிறிதளவு கலந்திருந்தாலும் அது சிதைந்து அமிலப் புகையை வெளியிட்டு முழுச் சரக்கையும் பாழாக்கிவிடும். ஆகவே கலப்படச் சரக்குக்கு விலையில்லை. பிரித்த சரக்குக்கே விலை.

பிரிப்பவர்கள் கையாளும் முறைகள் எளியவை. ஆனால் அவற்றுக்கு அறிவியல் அடிப்படை உண்டு. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அவை மிதக்கும். பி.வி.சி.யும் தண்ணீர்க் குப்பியின் பிளாஸ்டிக்கும் மூழ்கும். இடைப்பட்டவற்றைப் பிரிக்க உப்புநீர் உதவுகிறது. துண்டைக் கொளுத்தி அதன் சுடரையும் புகையின் மணத்தையும் கொண்டு வகையை அறிவதும், வளைத்தும் தட்டியும் ஓசையால் அறிவதும் அன்றாட வழக்கம். வகைக்குப் பின் நிறம். நிறமற்றதும் வெண்மையானதும் உயர்ந்த விலை பெறும். கறுப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடுமாதலால் கடைசி விலை அதற்குத்தான். மாதுங்காவிலேயே 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கப்படும் பாலிமர் இயலின் ஒரு பகுதியை, இரண்டு கிலோமீட்டர் தொலைவில், எழுத்தறியாத தொழிலாளர் சிலர் மூக்கினாலும் விரல்களாலும் அறிந்து வைத்திருக்கின்றனர்.

பிரித்த சரக்கு அரைக்கப்பட்டுச் செதிலாகிறது. தொட்டிகளில் கழுவப்பட்டு, தகரக் கூரைகளின்மேல் பரப்பி உலர்த்தப்படுகிறது. பிறகு சூடேற்றிய திருகுக் குழாய் வழியே இழைகளாகப் பிழியப்பட்டு, நீர்த்தொட்டியில் குளிர்ந்து, குருணையாக வெட்டப்படுகிறது. தானா எனப்படும் இக்குருணையே விற்பனைப் பொருள். இதனைக் கொண்டு வேறிடங்களில் வாளி, குழாய், பொம்மை, செருப்படி ஆகியவை வார்க்கப்படுகின்றன. பிளாஸ்டிக் மட்டுமன்று, பதினைந்து கிலோ எண்ணெய்த் தகரங்கள் கொதிநீரில் கழுவி, நசுங்கல் நிமிர்த்தி மறுபடி விற்கப்படுகின்றன. அட்டைப் பெட்டிகள் அச்செழுத்து உள்ளே போகும்படி புரட்டி மடிக்கப்படுகின்றன. அலுமினியம் உருக்கிப் பாளமாக்கப்படுகிறது.

வருமானக் கணக்கு

இத்தொழில் பொருளாதார வளர்ச்சிக்கு எவ்வாறு துணைபுரிகிறது என்பதைக் கூட்டிய மதிப்பு என்னும் கருத்தைக் கொண்டு விளக்கலாம். ஒரு நிறுவனம் விற்ற பொருளின் மதிப்பிலிருந்து அது பிறரிடம் வாங்கிய பொருள்களின் மதிப்பைக் கழித்தால் கிடைப்பது கூட்டிய மதிப்பு. எல்லா நிறுவனங்களின் கூட்டிய மதிப்பையும் சேர்த்ததே நாட்டின் மொத்த உற்பத்தி. எடுத்துக்காட்டுக்காக, ஒரு கிலோ பழைய வாளியைப் பொறுக்குபவர் 20 ரூபாய்க்கு விற்கிறார் எனக் கொள்வோம். பிரித்தபின் அது 35 ரூபாயும், குருணையானபின் 65 ரூபாயும் பெறுவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதன் விலை சுழி. ஆகவே மின்சாரம் முதலிய செலவு நீங்கலாக, 65 ரூபாயும் இந்நாட்டு உழைப்பாளருக்கும் சிறு முதலாளிகளுக்கும் வருமானமாகப் பிரிகிறது. அதே ஒரு கிலோ குருணை புதிதாகக் கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்பட்டால், விலையின் கணிசமான பகுதி எண்ணெய் விற்ற நாட்டுக்குச் செல்லும். நம் நாடு தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆற்றல் சேமிப்பும் சிறிதன்று. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு எஃகுக் கழிவு மறுசுழற்சிக் கொள்கை, ஒரு டன் பழைய எஃகு 1.1 டன் இரும்புத் தாதுவையும் 630 கிலோ கல்கரி நிலக்கரியையும் 55 கிலோ சுண்ணாம்புக் கல்லையும் மிச்சப்படுத்துவதாகக் கணக்கிடுகிறது.

எனினும் நாட்டு வருமானக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. அது ஓட்டத்தை அளக்கிறதேயன்றிக் கையிருப்பை அளப்பதில்லை. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பை நிலம் பல நாள் எரிந்து, கிழக்கு மும்பையின் பள்ளிகள் மூடப்பட்டபோது, தீயை அணைக்கச் செலவிட்ட தொகையும் மருத்துவச் செலவும் அவ்வாண்டின் உற்பத்தியோடு கூட்டல் குறியுடனேயே சேர்ந்தன. குப்பை நிலத்துக்குப் போகாமல் தடுத்த ஒரு கிலோ பிளாஸ்டிக்கினால் எரியாமற்போன புகைக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. பொறுக்குபவர் தம் உழைப்பால் மாநகராட்சிக்கு மிச்சப்படுத்தும் வண்டிக் கூலிக்கும் இடமில்லை. வளர்ச்சிக்கும் நிலைபேற்றுக்கும் உள்ள உறவை மதிப்பிடுவோர் முதலில் இக்குறையை நேர்செய்துகொள்ள வேண்டும்.

விலையுள்ளதே சுழலும்

தாராவியைப் பாராட்டி எழுதுவோர் பெரும்பாலும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. இங்கே எல்லாக் கழிவும் சுழல்வதில்லை. விலையுள்ள கழிவே சுழல்கிறது. தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொள்ளும் அதே கை, பிஸ்கட் உறையையும் ஷாம்பு பொட்டலத்தையும் அங்கேயே விட்டுவிடுகிறது. பல அடுக்குகள் ஒட்டிய இவ்வுறைகளைப் பிரிக்க இயலாது. பிரிக்க இயலாததற்கு விலையில்லை. மெல்லிய பைகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மீத்தி ஆறு பெருக்கெடுத்தபோது, வடிகால்களை அடைத்திருந்தவை இத்தகைய விலையற்ற பிளாஸ்டிக்குகளே. ஆக, சந்தை தானாக நடத்தும் சுழற்சி, சுற்றுச்சூழலுக்கு எது கேடு என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

அந்த விலையும் நிலையானதன்று. புதிய பிளாஸ்டிக்கின் விலை கச்சா எண்ணெயைத் தொடர்ந்து செல்வதால், எண்ணெய் மலிவாகும்போதெல்லாம் பழைய பிளாஸ்டிக்கை வாங்க ஆளில்லாமற்போகிறது. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய எண்ணெய் விலை வீழ்ச்சியில் இதுவே நேர்ந்தது. உலகெங்கும் எண்ணெய் மலிவு நுகர்வோருக்கு நன்மை. பொறுக்குபவருக்கோ அதே செய்தி ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் குறைவு. வரிக் கொள்கையும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பிளாஸ்டிக் கழிவுக்கு விதிக்கப்பட்ட 18 விழுக்காடு, அதே ஆண்டு அக்டோபரில் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மீண்டும் 18 விழுக்காடாயிற்று. புதிய பிசினைப் புட்டியாக்கும்போது ஒருமுறை வரி செலுத்தப்பட்ட பொருள், கழிவாகி மறுபடி சந்தைக்கு வரும்போது மறுபடியும் வரிக்கு உள்ளாகிறது. பொறுக்குபவரிடமிருந்து ரசீதின்றி வாங்கும் சிறு வியாபாரிக்கு உள்ளீட்டு வரிச் சலுகையும் கிட்டுவதில்லை.

இயற்பியல் வரம்பும் உண்டு. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுத் தொடர்கள் சிறுத்து அதன் வலிமை குறைகிறது. புட்டியாக இருந்தது வாளியாகி, வாளி செருப்படியாகி, செருப்படி குப்பை நிலத்தில் முடிகிறது. இதனை வட்டம் என்பதைவிட நீண்ட படிக்கட்டு என்பதே பொருந்தும். படிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். இறங்குவதை நிறுத்த முடியாது. அலுமினியமும் எஃகும் இவ்வகையில் மேலானவை.

இவை எல்லாவற்றையும் கடந்த ஒரு தடை எளிய கணக்கில் இருக்கிறது. மாணவர்கள் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளின் பயன்பாடு ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்வதாகக் கொண்டால், பத்தாண்டுகளில் அது இரு மடங்காகும். அப்பொருள் பத்தாண்டு உழைக்கும் நாற்காலி எனக் கொள்வோம். இவ்வாண்டு கழிவாகத் திரும்பி வருவது பத்தாண்டுக்கு முன் விற்ற நாற்காலிகள். அவற்றில் ஒன்றையும் தவறவிடாமல், ஒரு துளியும் வீணாகாமல் மறுசுழற்சி செய்தாலும் இவ்வாண்டுத் தேவையில் பாதியே நிறையும். மற்றப் பாதி புதிய மூலப்பொருளாகத்தான் வரவேண்டும். நாற்காலி இருபதாண்டு உழைத்தால் பங்கு நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் பொருள் நீண்ட காலம் உழைப்பதும் சுழற்சிப் பொருளாதாரத்தின் நோக்கமே. மாற்று நாற்காலி வாங்கவேண்டிய தேவையே குறைவதால் வளர்ச்சி விகிதமும் தாழும். வளரும் பொருளாதாரத்தில் மறுசுழற்சி விழுக்காட்டை மட்டும் இலக்காக வைப்பது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

உழைப்பவர் ஏற்கும் செலவு

தாராவித் தானா மலிவாயிருப்பதற்கு ஒரு காரணம், அதன் உற்பத்திச் செலவில் ஒரு பகுதி விலையில் சேராமல் உழைப்பவரின் உடம்பில் சேர்வது. உருக்கும் புகை, அரைக்கும் தூசு, வேதிப்பொருள் இருந்த பீப்பாய்களைக் கழுவும் நீர், உடைந்த கண்ணாடியும் ஊசியும் கலந்த மூட்டைகள், காற்றோட்டமற்ற அறைகள் ஆகியவற்றிடையே உத்தரப்பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பணியிடத்திலேயே உண்டு உறங்கி வேலை செய்கின்றனர். பிரிக்கும் பணியில் பெண்கள் மிகுதி. அவர்களுக்குக் கூலி குறைவு. கழுவிய நீர் சாக்கடை வழியே மீத்தியைச் சேர்கிறது. தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு இச்சிறு அலகுகளை எட்டுவது அரிது. இந்நிலையைப் பசுமைத் தொழில் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது முறையாகாது. அதேபோல், மாசு செய்கிறது என்று கூறி மூடிவிடுவதும் தீர்வாகாது. மூடினால் அக்கழிவு தேவ்னாருக்குப் போகும், அல்லது இதனினும் மோசமான ஒரு மூலையில் உருகும்.

முதலீடும் பொறியாளரும் இருந்தால் இதே தத்துவம் வேறு வகையில் செயற்படும் என்பதற்குச் சான்றுகள் தாராவியைச் சுற்றியே உள்ளன. மாதுங்காவில் 1915இல் நிறுவப்பட்ட ரயில்வே பணிமனை பெட்டிகளை முழுமையாகப் பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் ஓடவிடுகிறது. குறித்த கால இடைவெளியில் நடைபெறும் இப்பணியால்தான் ஒரு ரயில் பெட்டி ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைக்கிறது. இதனை யாரும் கழிவு மேலாண்மை என்று அழைப்பதில்லை. எனினும் பொருளைச் சுழற்சியில் வைத்திருக்கும் முறைகளில் பழுதுபார்ப்பே தலையாயது.

செம்பூரில் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் என்னும் பொதுத்துறை உர நிறுவனம் மற்றொரு சான்று. உர உற்பத்திக்குப் பெருமளவு நீர் வேண்டும். மும்பையிலோ மழை பொய்த்தால் தொழிற்சாலைகளுக்கே முதலில் நீர்வெட்டு. இந்நிறுவனம் நகரின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. நாளொன்றுக்கு 2.275 கோடி லிட்டர் கழிவுநீரை ஏற்று 1.5 கோடி லிட்டர் தொழில்நீர் தரும் திறன் கொண்டது அது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலின்படி, ஏறத்தாழ 1,11,000 பேருக்கான குடிநீர் இதனால் நகருக்கு மிஞ்சுகிறது. பின்னர் இரண்டாவது நிலையமும் சேர்ந்தது. இங்கே செலவு நிறுவனத்தின் ஐந்தொகையில் எழுதப்படுகிறது, தாராவியில் எழுதப்படுவதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

விதிகளும் இடமும்

விலையற்ற கழிவுக்கு விலை ஏற்படுத்தும் முயற்சியாக, பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளரின் விரிவான பொறுப்பு பற்றிய வழிகாட்டு நெறிகள் சேர்க்கப்பட்டன. பிளாஸ்டிக் உறையில் பொருளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனம், அதற்கீடான கழிவை மறுசுழற்சி செய்வித்து அதற்குரிய சான்றிதழைப் பெறவேண்டும். இச்சான்றிதழுக்கான பணம் மறுசுழற்சித் தொழிலுக்குச் செல்லும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் சான்றிதழ் தரும் தகுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் பதிவும் பெற்ற அலகுகளுக்கே உண்டு. பத்தடி அறையில் இயங்கும் தாராவி அலகு அத்தகுதியைப் பெறுவது அரிது. எனவே கழிவைத் திரட்டிப் பிரித்த கைகளைத் தாண்டி அப்பணம் சென்றுவிடும் நிலை உருவாகிறது. 2023இல் சில பதிவுபெற்ற நிறுவனங்களே போலிச் சான்றிதழ்களை உருவாக்கியதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. தாளில் மட்டும் சுழன்ற பிளாஸ்டிக் அது.

பொறுக்குபவரை முறையான அமைப்புக்குள் கொண்டுவர வழி உண்டு. புனேயில் 1993இல் தோன்றிய பொறுக்குபவர் சங்கத்தின் தொடர்ச்சியாக, ஸ்வச் என்னும் கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் குப்பை திரட்டுகிறது. உறுப்பினர்கள் வீட்டாரிடம் மாதக் கட்டணமும் பெறுகின்றனர்; பிரித்த சரக்கை விற்ற தொகையும் அவர்களுடையது. விலை வீழ்ந்தாலும் கட்டணம் நிற்கிறது என்பதே இம்முறையின் பலம். மும்பையில் 1975இல் தோன்றிய ஸ்த்ரீ முக்தி சங்கட்டனா என்னும் பெண்கள் அமைப்பு, பொறுக்கும் பெண்களுக்குப் பயிற்சியளித்து, குடியிருப்புகளிலேயே ஈரக் கழிவை உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றும் பணியில் அவர்களை அமர்த்தியிருக்கிறது. கழிவு பொறுக்குபவர்களை 2024இல் மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் சேர்த்ததும் வரவேற்கத்தக்கதே.

இப்போது எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி இடம் பற்றியது. மாநில அரசு 2004இல் அறிவித்துப் பலமுறை தடைப்பட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு, 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு உறுதியுடன் தேர்வாயிற்று. இதற்கென அமைந்த நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு. 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறித் தகுதி பெற்றோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு தருவது திட்டம். வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்துவிடலாம். தொழிலுக்கு அவ்வாறு அளப்பது எளிதன்று. பிரிப்பதற்குத் தரைத்தளம் வேண்டும். மூட்டை இறக்க வண்டி நிற்கும் இடம் வேண்டும். உலர்த்தக் கூரை வேண்டும். ஒருவர் பிரித்ததை அடுத்த அறைக்காரர் அரைப்பதும், அவர் அரைத்ததை எதிர் அறைக்காரர் உருக்குவதும் தூக்குக்கூலி இல்லாத அண்மையால் நடப்பவை. இவ்வலகுகளைப் பிரித்து நகரின் வெவ்வேறு எல்லைகளுக்கு அனுப்பினால், ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் ஆதாயத்தில் ஓடும் தொழில் வண்டிக் கூலியிலேயே நின்றுவிடும். விலை குறைந்த சரக்குகளே முதலில் கைவிடப்படும். தகுதியற்றோர்க்கு மாற்றிடம் தேடியபோது, 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் நிலத்தின் ஒரு பகுதியையே மாநில அரசு 2024இல் அதற்கு ஒதுக்க முடிவு செய்தது என்பதும் இங்கே கவனத்துக்குரியது.

பொதுக் கழுவுமிடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, புகைபோக்கியுடன் கூடிய உருக்குக் கூடம் ஆகியவற்றை அரசே அமைத்துச் சிறு அலகுகளுக்கு வாடகைக்கு விடுவது தொழிற்பேட்டை முறையில் நமக்குப் பழக்கமானதுதான். தோல் பதனிடும் ஊர்களில் பல அலகுகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையங்கள் இவ்வாறே தோன்றின. அத்தகைய கூடம் தாராவிக்குள்ளேயே அமைந்தால் அங்குள்ள அலகுகள் பதிவு பெறவும், சான்றிதழ்ப் பணம் பிரிப்பவரை எட்டவும் வழி பிறக்கும்.

அதற்கான தேவையும் விதிகளிலேயே இருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025-26ஆம் ஆண்டு முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்கவேண்டும் என்றும், 2028-29இல் அது 60 விழுக்காடாக வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டு நெறிகள் கூறுகின்றன. அந்த அறுபது விழுக்காட்டுக்கு வேண்டிய தூய்மையான, வகை பிரித்த குருணையை யார், எந்த இடத்தில், என்ன கூலிக்குப் பிரித்துத் தரப்போகிறார்கள் என்பது மறுசீரமைப்பு வரைபடத்தில் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு எத்தனை சதுர மீட்டர் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.